சுண்ணாம்புச் சுவருக்கு மட்டை, சிமெண்ட் சுவருக்கு ரோலர்

கஜா புயல் 2018 நவம்பர் 16 அன்று அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தது. எங்கள் வீடு நாகப்பட்டினத்தில், கடலிலிருந்து ஒரு கிலோமீட்டர் தூரத்துக்குள் இருக்கிறது. மாடிக்கு ஒன்றும் ஆகவில்லை. நான்கு நாள் கழித்து வாசல் பக்கச் சுவரைப் பார்த்தபோது பெயிண்ட் கொப்புளம் கொப்புளமாக எழும்பி நின்றது. ஒன்றைக் கட்டைவிரலால் அழுத்தினேன்; உள்ளிருந்து தண்ணீர் வழிந்தது. நுனியைப் பிடித்து இழுத்ததும், கல்லில் வெந்த தோசை எழும்புவதுபோல ஒரு முழ அகலத்துக்கு உரிந்து கையோடு வந்தது. அதன் பின்புறம் முழுக்க வெள்ளை மாவு. தொட்டு நாக்கில் வைத்தேன். உப்புக் கரித்தது.

அந்தப் பெயிண்டுக்கு மூன்று வயதுகூட ஆகவில்லை. 2016 தை மாதம், தங்கையின் கல்யாணத்துக்காக அடித்தது. ஒப்பந்தக்காரர் ஒருவர் ஸ்பிரே இயந்திரத்தோடு வந்து இரண்டே நாளில் வீடு முழுவதையும் முடித்துக் கொடுத்தார். விலை உயர்ந்த எக்ஸ்டீரியர் எமல்ஷன்தான், அதாவது தண்ணீரில் கலந்து அடிக்கும் வெளிச்சுவர் பிளாஸ்டிக் பெயிண்ட். ஆனால் வீட்டின் பின்பாதியில் ஓரிடத்திலும் உரியவில்லை. அதே டப்பா, அதே ஆள், அதே நாள். முன்பாதி மட்டும் ஏன் தோலை உரித்துப் போட்டது என்ற கேள்விக்குப் பதில் தேடப் போய்த்தான், வெளிச்சுவருக்கு எதை அடிப்பது, எதனால் அடிப்பது, எந்த மாதத்தில் அடிப்பது என்று எல்லா வழிகளையும் எடுத்து வைத்து ஒப்பிட்டுப் பார்க்க நேர்ந்தது. வீட்டுக்கு வண்ணம் அடிக்கப் போகிற எவருக்கும் இது பயன்படும் என்று நம்புகிறேன்.

முதலில் சுவரைப் பற்றி. எங்கள் வீட்டின் முன்பாதி தாத்தா கட்டியது. செங்கல், சுண்ணாம்புக் காரை, மேலே மரக்கட்டைகளின் மீது செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டும் மெட்ராஸ் டெரஸ் தளம். பின்பாதி 1994-இல் அப்பா சேர்த்த சிமெண்ட் கட்டடம். பெயிண்ட் அடித்துவிட்டால் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். ஓர் ஆணியை எடுத்து மறைவான மூலையில் கீறிப் பார்த்தால் போதும். சுண்ணாம்புப் பூச்சு சுலபமாகக் கீறப்பட்டு, பால் வெள்ளையாகவோ இளம் பழுப்பாகவோ பொடி உதிர்க்கும். கடலோர ஊர்களில் அதில் கிளிஞ்சல் துணுக்குகளும் கண்ணில் படும். சிமெண்ட் பூச்சில் ஆணி கிறீச்சிடும், கோடு சாம்பல் நிறத்தில் விழும். பெயிண்ட் கடைக்குப் போவதற்கு முன்பு இந்தக் கீறலைச் செய்துவிடுங்கள். நிற அட்டையைப் பார்ப்பதெல்லாம் அப்புறம்.

பழைய சுண்ணாம்புச் சுவர்களில், தரையிலிருந்து ஈரம் ஏறாமல் தடுக்கும் அடுக்கு பெரும்பாலும் இருக்காது. ஓதம் கீழிருந்து ஏறும். மழை மேலிருந்து இறங்கும். சுவர் அந்த ஈரத்தைப் பகல் முழுவதும் வெளியே விட்டுக்கொண்டே இருக்கும். அதைத்தான் சுவர் மூச்சு விடுகிறது என்று கொத்தனார்கள் சொல்கிறார்கள். அதன் மேல் எமல்ஷன் ஒரு படலமாக மூடும்போது ஈரம் வெளியேறுவது தடைப்படுகிறது. ஈரத்தில் கரைந்து வந்த உப்பு, படலத்துக்குப் பின்னால் படிகமாக வளர்ந்து அதைத் தள்ளுகிறது. கடலோரத்தில் உப்புக்குப் பஞ்சமா? போதாததற்குச் சுண்ணாம்பின் மேற்பரப்பு எப்போதும் கொஞ்சம் மாவாகவே இருக்கும். பெயிண்ட் அந்த மாவைப் பிடித்துக்கொள்கிறதே தவிர சுவரைப் பிடிப்பதில்லை. என் கையோடு வந்த தோசையின் பின்புறம் இருந்த வெள்ளை இதுதான்.

ஆகவே முன்பாதிக்கு எனக்கு இருந்த வழிகள் இரண்டு. உரிந்ததைச் சுரண்டி, பிரைமர் என்ற அடிப்பூச்சு வைத்து, மறுபடியும் எமல்ஷன் அடிப்பது ஒன்று. கடைக்காரர்கள் அனைவரும் சொன்னது அதைத்தான். வேலை சீக்கிரம் முடியும், நிறம் நினைத்தபடி கிடைக்கும். இன்னொன்று, இருக்கும் பெயிண்டை எல்லாம் எடுத்துவிட்டுப் பழையபடி சுண்ணாம்பு அடிப்பது. சிலிகேட் கனிமப் பெயிண்ட் என்று ஒன்று உண்டு, ஜெர்மனியில் 1878-இல் காப்புரிமை பெற்றது, ஈரத்தை வெளியே விடும். எங்கள் ஊர்க் கடைகளில் எனக்கு அது கிடைக்கவில்லை. அதனால் அதைப் பற்றி மேற்கொண்டு பேசவில்லை.

சுண்ணாம்பைத் தேர்ந்தெடுத்தேன். அதன் குறைகளை முதலில் சொல்லிவிடுகிறேன். அடர்ந்த நிறங்கள் வராது. சட்டையில் ஒட்டும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மறுபடி அடிக்க வேண்டும். எமல்ஷன் மிச்சம் இருக்கும் இடத்தில் பிடிக்காது என்பதால் பழையதைச் சுரண்டுவதே பெரும்பாடு. எங்கள் வீட்டில் இரண்டு பேருக்கு ஒன்பது நாள் பிடித்தது. தண்ணீரைப் பீய்ச்சி அடிக்கும் இயந்திரம் கொண்டுவந்தால் ஒரே நாளில் முடியும் என்று ஒருவர் சொன்னார். பழைய சுண்ணாம்புப் பூச்சின் மேல் அதை விட்டால் பெயிண்டோடு பூச்சும் போய்விடும். தகடும் தேங்காய் நார்த் தூரிகையும்தான் சரி. பூச்சு விழுந்த இடங்களில் சிமெண்ட் வைத்து அடைப்பதும் வேண்டாம். சிமெண்ட் ஒட்டுப் போட்ட இடம் இறுகி நிற்க, அதைச் சுற்றியுள்ள சுண்ணாம்பு ஈரத்தைச் சுமந்து உதிரும். சுண்ணாம்புக் காரையால்தான் அடைக்க வேண்டும்.

நன்மை என்னவென்றால் சுண்ணாம்பு படலமாகவே ஆவதில்லை. நீற்றிய சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை வாங்கிக்கொண்டு மறுபடியும் கல்லாக மாறிச் சுவரோடு ஒன்றாகிறது. உரிவதற்கு அதில் ஒன்றும் இல்லை, தேயும், அவ்வளவுதான். தேய்ந்தால் மேலே இன்னொரு கை அடித்துக்கொள்ளலாம், எதையும் சுரண்ட வேண்டியதில்லை. புதிய சுண்ணாம்பின் காரத்தில் பாசியும் சில காலம் அண்டாது.

கலக்கும் முறைக்கு மத்தியப் பொதுப்பணித் துறையின் விவரக்குறிப்பில் தெளிவான அளவு இருக்கிறது. ஒரு கிலோ சுட்ட சுண்ணாம்புக்குச் சுமார் 5 லிட்டர் தண்ணீர். 24 மணி நேரம் ஊற விட்டுத் துணியில் வடிகட்ட வேண்டும். வடித்த பாலில் 10 லிட்டருக்கு 40 கிராம் பிசினை வெந்நீரில் கரைத்துச் சேர்க்க வேண்டும். நீலம் போடுவதானால் கிலோவுக்கு 3 கிராமுக்கு மேல் வேண்டாம். நீற்றும்போது தண்ணீர் கொதித்துத் தெறிக்கும்; கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. கண்ணாடி போட்டுக்கொள்ளாமல் அந்தத் தொட்டி அருகில் யாரையும் விடாதீர்கள். குழந்தைகளை வீட்டுக்குள்ளேயே வைத்திருங்கள்.

இனி எதனால் அடிப்பது என்பது. சுண்ணாம்புக்கு இதில் தேர்வே கிடையாது: மட்டைதான். தாழை விழுதை நசுக்கிச் செய்யும் பழைய மட்டை இப்போது அரிது. நார்த் தூரிகை கிடைக்கிறது. எங்கள் மேஸ்திரிக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். அவர் கையை நான் ஒரு மணி நேரம் நின்று பார்த்தேன். முதலில் வாளித் தண்ணீரைச் சுவரில் விசிறி நனைத்தார். மட்டையைச் சுண்ணாம்புப் பாலில் முக்கி, வாளி விளிம்பில் ஒரு தட்டுத் தட்டி, மேலிருந்து கீழே ஓர் இழுப்பு, அதன் மேலேயே கீழிருந்து மேலே ஓர் இழுப்பு. காய்வதற்குள் வலமிருந்து இடம், இடமிருந்து வலம். பொதுப்பணித் துறைப் புத்தகம் சொல்வதும் இதே வரிசையைத்தான். அவர் அதைப் படித்தவர் இல்லை. ஈரமாக இருக்கும்போது சுவரில் ஒன்றுமே தெரியவில்லை, தண்ணீர் அடித்தது போலத்தான் இருந்தது. “இன்னும் கொஞ்சம் கெட்டியாகக் கலக்கலாமா, ஐயா?” என்று கேட்டேன். “வேண்டாம் தம்பி, கெட்டியாக அடித்தால் வெடித்து உதிரும். காயட்டும், தானாக வெளுக்கும்” என்றார். மறுநாள் காலை சுவர் பளிச்சென்று இருந்தது. மெல்லியதாக மூன்று கை அடித்து முடித்தார்.

பின்பாதியின் சிமெண்ட் சுவரில்தான் தூரிகையா, ரோலரா, ஸ்பிரேயா என்ற உண்மையான போட்டி. இணையத்தில் இதைப் பற்றிக் கிடைக்கும் காணொளிகளில் பெரும்பாலானவை அமெரிக்க வீடுகளைக் காட்டுபவை. அங்கே வெளிச்சுவர் பல வீடுகளில் ஒன்றன்மேல் ஒன்று படியும் மரப்பலகைகள். பலகையின் அடிவிளிம்புக்கும் இடுக்குக்கும் பெயிண்ட் போய்ச் சேர ஸ்பிரே நன்றாக உதவுகிறது. அடித்த கையோடு பின்னால் இன்னொருவர் தூரிகையாலோ ரோலராலோ தேய்த்துக்கொண்டே வருகிறார். அந்த இரண்டாவது ஆளை நம் ஊரில் பலரும் விட்டுவிடுகிறார்கள். என் கருத்தில் ஸ்பிரே வேலைகள் கெடுவதற்கு முதல் காரணம் அதுதான்.

நம்முடைய மணல் பூச்சைப் பக்கத்தில் போய்ப் பாருங்கள். கடுகு அளவில் ஆயிரக்கணக்கான குழிகள். ஸ்பிரேயிலிருந்து வரும் துளிகள் அந்தக் குழிகளின் வாயில் பாலம் கட்டி நின்றுவிடுகின்றன. குழியின் அடி வெறுமையாக இருக்கும். தூரத்திலிருந்து சுவர் மூடிவிட்டது போலத் தெரியும். முதல் மழைக்கு அந்தப் பாலங்கள் உடைந்து ஊசித்துளைகள் வெளிப்படும். எங்கள் வீட்டின் பின்பாதியில் உரிதல் இல்லை என்றேன். ஆனால் மேற்குச் சுவரில் இந்த ஊசித்துளைகள் ஏராளமாக இருந்தன. இன்னொன்றும் உண்டு. எங்களுக்கு அடித்தது கம்பிரஸர் வைத்த சாதாரணத் துப்பாக்கி. அதில் பெயிண்ட் ஓடுவதற்குத் தண்ணீரை அதிகமாகக் கலந்தாக வேண்டும். படலம் அப்போதே மெலிந்துவிடுகிறது. காற்றில்லாமல் பம்ப் அழுத்தத்தாலேயே பெயிண்டைத் தள்ளும் ‘ஏர்லெஸ்’ இயந்திரம் வேறு வகை. அது கெட்டியான பெயிண்டையே அடிக்கும். அந்த இயந்திரத்தோடு ஆள் வந்தால், பெயிண்ட் பீய்ச்சும் முனையின் எண்ணை அவரிடம் கேளுங்கள். 517 என்றால் முதல் இலக்கத்தை இரட்டிப்பாக்கி 10 அங்குல அகல விசிறி, கடைசி இரண்டு இலக்கங்கள் அங்குலத்தின் ஆயிரத்தில் 17 பங்குத் துளை. தன் முனையின் எண்ணைச் சொல்லத் தெரியாதவரிடம் சுவரை ஒப்படைக்க நான் தயங்குவேன். அந்த இயந்திரத்தின் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 2000 பவுண்டைத் தாண்டும். முனைக்கு முன் விரலை நீட்டினால் தோலைத் துளைத்துப் பெயிண்ட் உள்ளே போய்விடும். காயம் சின்னதாகத் தெரிந்தாலும் உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டிய அவசரம் அது. விரலையே இழக்க நேரலாம்.

கடலோரத்தில் காற்று வேறு. மதியத்துக்கு மேல் கடற்காற்று எழுந்துவிட்டால் ஸ்பிரேயில் கணிசமான பெயிண்ட் சுவரைச் சேராமல் அடுத்த வீட்டுத் துணிக்கொடிக்கும் காருக்கும் போகும். ஜன்னல், கதவு, தரை எல்லாவற்றையும் தாளால் மூடி ஒட்டும் நேரத்தையும் கணக்கில் சேர்த்தால், எங்கள் அளவு வீட்டுக்கு ஸ்பிரேயில் மிச்சமாகும் நேரம் அவ்வளவு பெரிதில்லை. அடுக்குமாடிக் கட்டடங்கள், ஜன்னலே இல்லாத நீண்ட சுவர்கள், தூரிகை நுழையாத ஜாலி வேலைப்பாடு ஆகியவற்றுக்கு ஸ்பிரே நல்ல வழி என்பதையும் சொல்ல வேண்டும்.

தூரிகையின் பலம், அது பெயிண்டைக் குழிக்குள் திணிக்கிறது. 4 அங்குலத் தூரிகையைச் சுழற்றித் தேய்த்தால் மயிரிழை விரிசலுக்குள்ளும் பிரைமர் இறங்கும். பலவீனம், மெதுவாக நகரும், தோள் வலிக்கும், பெரிய பரப்பில் கோடு தெரியும். ரோலர் வேகமானது, படலம் ஒரே கனத்தில் விழும். நீளக் கம்பு மாட்டினால் சாரத்தை அடிக்கடி நகர்த்த வேண்டியதில்லை. ஆனால் ரோலரின் மயிர் நீளத்தை யாரும் பார்த்து வாங்குவதில்லை. உள்ளறைக்கு வாங்கிய குட்டை மயிர் ரோலரை மணல் பூச்சில் உருட்டினால் மேடுகளை மட்டும் தொட்டுவிட்டுப் போகும். சொரசொரப்பான வெளிச்சுவருக்கு முக்கால் அங்குல மயிர் வேண்டும். பட்டி பார்த்த வழவழப்பான சுவருக்கு அதில் பாதி போதும்.

நாங்கள் செய்தது இரண்டும் கலந்த வேலை. பிரைமர் முழுவதும் தூரிகையால். எமல்ஷன் இரண்டு கையும் நீள மயிர் ரோலரால். ஓரங்கள், சன்ஷேடு அடிப்புறம், குழாய்க்குப் பின்புறம் மட்டும் தூரிகை. ரோலர் வேலையில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஒரு சுவரை நடுவில் நிறுத்திச் சாப்பிடப் போகக் கூடாது. காய்ந்த விளிம்பின் மேல் ஈர ரோலர் ஏறினால் அந்தக் கோடு பெயிண்ட் உள்ளவரை தெரியும். மூலையிலோ குழாய் ஓரத்திலோதான் நிறுத்த வேண்டும்.

சிமெண்ட் பெயிண்டை மறந்துவிடவில்லை. தூளாக வரும், தண்ணீரில் கலந்து இறுகுவதற்குள் அடிக்க வேண்டும், பெரும்பாலும் தூரிகையால். விலை குறைவு, சுவரோடு இறுகிவிடும். ஆனால் அடிக்குமுன் சுவரை நனைக்க வேண்டும், அடித்த பிறகும் தண்ணீர் தெளித்துப் பதப்படுத்த வேண்டும். பழைய எமல்ஷன் மேல் நிற்காது. புதிதாகப் பூசிய, இதுவரை பெயிண்டே காணாத சுவருக்கு அது பொருத்தம். எங்கள் கொல்லைப்புறச் சுற்றுச்சுவருக்கு அதைத்தான் அடித்தோம்.

எந்த மாதம் என்பதில் நான் கற்றுக்கொண்டது என்னை மிகவும் யோசிக்க வைத்தது. பொங்கலுக்கு வெள்ளையடிப்பது நம் வழக்கம். வடகிழக்குப் பருவமழை டிசம்பர் வரை கொட்டுகிற எங்கள் பகுதியில், மார்கழிக் கடைசியில் சுவர் உள்ளே ஈரமாகத்தான் இருக்கும். சுண்ணாம்புக்கு அது நல்லது. ஈரச் சுவரில்தான் அது இறுகும், வெயில் கடுமையாக இல்லாததால் மெதுவாகக் காயும். முன்னோர் வைத்த நாள் சுண்ணாம்புக்கு வைத்த நாள். சுவருக்கு அடிக்கும் பொருள் மாறிய பிறகும் நாளை நாம் மாற்றவில்லை. அதே போகிக்கு முந்தின வாரத்தில் எமல்ஷன் அடித்து, மழை நீரைச் சுவருக்குள் வைத்தே மூடுகிறோம். போகி தாண்டித் தையில்தான் என்றாலும், 2016-இல் நாங்கள் செய்ததும் அதுவே.

எமல்ஷனுக்கு மாசியும் பங்குனியும் சரி. அப்போதும் சோதித்துவிட்டே தொடங்க வேண்டும். ஒன்றரை அடிச் சதுரப் பாலித்தீன் தாளைச் சுவரில் நான்கு பக்கமும் காற்றுப் புகாமல் ஒட்டி, மாலையில் தொடங்கி மறுநாள் காலை வரை 16 மணி நேரம் விடுங்கள். எடுக்கும்போது உட்புறம் வியர்த்திருந்தால் இன்னும் காத்திருக்க வேண்டும். புதிய சிமெண்ட் பூச்சென்றால் குறைந்தது 28 நாள் போகட்டும். வெயில் விழும் சுவரில் அடித்தால் பெயிண்ட் சுவரைப் பிடிக்குமுன் தோல் கட்டிவிடும். மேற்குச் சுவரைக் காலையிலும், கிழக்குச் சுவரை மதியத்துக்குப் பிறகும் அடிப்பது மேஸ்திரிகள் எல்லோருக்கும் தெரிந்த ஒழுங்கு. அவசரப்படுத்தி அதைக் குலைப்பது பெரும்பாலும் வீட்டுக்காரர்களாகிய நாம்தான்.

சுவரைத் தயார் செய்வதில் இரண்டு தவறுகள் அடிக்கடி நடக்கின்றன. உப்புப் பூத்த இடத்தைத் தண்ணீர் விட்டுக் கழுவுகிறார்கள். உப்பு கரைந்து மறுபடி சுவருக்குள்ளேயே போகிறது. உலர்ந்த தூரிகையால் தேய்த்து, பொடியை அள்ளி அப்புறப்படுத்த வேண்டும். பாசிக்குப் பிளீச்சிங் கரைசல் தடவிக் கழுவலாம். ஆனால் அதோடு எந்த ஆசிட்டையும் சேர்க்கவே கூடாது, எழும் வாயு உயிருக்கு ஆபத்து. பழைய ஜன்னல் கம்பிகளின் எனாமலைச் சுரண்டும்போது முகமூடி அவசியம். வீட்டுப் பெயிண்டில் ஈயத்தின் அளவு பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் போகக் கூடாது என்ற விதி நம் நாட்டில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய எனாமலில் ஈயம் இருக்கக்கூடும். உப்புத்தாளை நனைத்துத் தேய்த்தால் தூசி பறக்காது.

கூலி பேசும்போது சதுர அடிக்கு எவ்வளவு என்று மட்டும் கேட்காதீர்கள். சுரண்டுவதும் கழுவுவதும் அதில் சேர்த்தியா, எத்தனை கை, பிரைமர் தூரிகையிலா என்று கேளுங்கள். சாரத்தில் ஏறுகிறவருக்குப் பாதுகாப்பு பெல்ட் இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள். இல்லையென்றால் வாங்கிக் கொடுங்கள். மின்கம்பி சுவருக்கு அருகில் போனால் வேலை தொடங்கும் முன்பே மின்வாரியத்தில் சொல்லி வையுங்கள்.

2019 தொடக்கத்தில் செய்த அந்த வேலைக்குப் பிறகு ஆறு மழைக்காலங்கள் போய்விட்டன. முன்பாதிக்கு 2021, 2023, 2025 போகிகளுக்கு முந்தின வாரம் ஒவ்வொரு முறையும் இரண்டு கை சுண்ணாம்பு அடித்தோம். அடைமழையில் அந்தச் சுவர் நனைந்து சாம்பல் நிறமாகக் கறுத்துவிடும். மழை விட்டு நல்ல வெயில் அடித்தால் அடுத்த நாள் மதியத்துக்குள் மேலிருந்து கீழாக வெளுத்துக்கொண்டே வருவதை வாசலில் உட்கார்ந்து பார்க்கலாம். பின்பாதியில் எமல்ஷன் இன்னும் எங்கும் உரியவில்லை. மேற்குச் சுவரில் மட்டும் உள்ளங்கையைத் தேய்த்தால் இப்போது நிறம் மாவாக ஒட்டுகிறது; அடுத்த கை அடிக்கும் காலம் வந்துவிட்டது. மாசி பிறந்ததும் வருவதாக மேஸ்திரி சொல்லியிருக்கிறார். பாலித்தீன் தாளை நேற்று மாலைதான் ஒட்டினேன்; காலையில் எடுத்தபோது கீழ் மூலையில் நான்கைந்து துளி வியர்த்திருந்தது. இன்னும் பத்து நாள் கழித்து வரச் சொல்லிவிட்டேன்.